எண்பத்தேழில் ஒன்று

முதலில் தூசியை எடுக்கவேணும்.
பொயிலரின் மேல் ஒரு துணுக்கு,
அந்த அளவில் அது ஒரு தேங்காய்.
தண்டவாளத்தில் கிடக்கும் ஒற்றைப் பூனைமயிர்
அறுந்து விழுந்த கேபிள்.
இரண்டையும் அழித்தால்
விளையாட்டுச் சாமான் பாரம் வைக்கத் தொடங்கும்.

படம் கேதாரன் அனுப்புவது.
நோர்வேயில், நிலக்கீழ் அறையில்,
மேசை நிறையக் கரிக்கோச்சிகள் அவனுக்கு.
உள்ளங்கை நீளம், பித்தளைக் குழாய்,
ஒன்றின் காசில் இங்கே பாதி லாண்ட்மாஸ்டர் வாங்கலாம்.
போனவன் ஒருமுறையும் வரவில்லை.
டிக்கட் பார்க்கிறன் என்பான், ஒவ்வொரு ஆடியும்.
‘மச்சாள், இதுக்கு என்னவாவது செய்’ என்பான்.
செய்வேன்.

பகலில் கரடிப்போக்குச் சந்தியில் என் ஸ்ரூடியோ.
சாமத்தியப் பிள்ளைக்குப் பின்னால் சுவிஸ் மலை,
பாஸ்போட் படத்துக்கு வெள்ளைச் சுவர்,
கலியாணப் படத்தில், வராதுபோன தமையன்
தாய்க்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில்.
நிழல் எந்தப் பக்கம் விழும் என்று எனக்குத் தெரியும்.
பொய் பிடிபடுவது முகத்தில் இல்லை,
காலடியில்.

ஷட்டர் இறக்கிய பிறகு கோச்சி.

இந்தமுறை கறுப்பு ஜேர்மன் எஞ்சின்.
சில்லுகளைக் கழற்றி
சேற்றுழவுக்குப் பூட்டுகிற இரும்புச் சில்லு பூட்டினேன்,
மாரியில் புதையாது.
புகைபோக்கி பரந்தனில் ஒரு அரிசி மில்லில் சுட்டது.
கரிப்பெட்டி நிறைய ஊமல்.
பொயிலருக்கு, பழைய படம் ஒன்றிலிருந்து,
சண்டையில் சரிந்த தண்ணீர்த் தாங்கி.
அது ஏற்கெனவே படுத்துத்தான் கிடந்தது,
நான் றிவிட் ஆணி மட்டும் அடித்தேன்.

இருபத்தாறு லேயர்.
மாங்குளத்தில் இருந்து கிழக்கே,
ஒட்டுசுட்டான், தண்ணீரூற்று, முல்லைத்தீவு என்று
ஒருவரும் போடாத பாதையில் கொண்டுபோய் நிறுத்தினேன்.
தண்டவாளம் இரண்டு கிளிக்.
வீரை மரங்களைத் தறிக்க மனமில்லை,
ஒரு வளைவு வைத்தேன்.

யோகச்சந்திரன் பார்த்தான்.
பக்கத்துக் கடவையில் படலை போடுகிறவன்,
நாளுக்கு எட்டுக் கோச்சிக்குக் கொடி காட்டுகிறவன்,
மகளின் பிறந்தநாள் பனரை எடுக்கப் பிந்தி வந்தவன்.
நல்ல சொல் ஒன்று வரும் என்று நினைத்தேன்.
‘இந்த வளைவில இது குப்புற விழும்.’
நிமிர்த்தினேன். இரண்டு வீரை போயிற்று.
‘தண்ணி எங்க ஏத்துறது?’
முத்தையன்கட்டு வாய்க்காலைக் கிட்ட இழுத்தேன்.
கதிரையை அவனும் கிட்ட இழுத்தான்.
‘எல்லாம் சரி.
ஆர் ஓட்டுறது?’

நான் நினைக்கவேயில்லை.

ஹாட் டிஸ்க்கில் ஆயிரம் முகம் இருக்கு,
வெட்டி, ஓரம் மழித்து, பெயர் போட்டு.
மரண அறிவித்தல் கோப்பைத் திறந்தேன்.
மூடினேன்.
எத்தனையோ இடத்தில் அவர்களை நிற்க வைத்தாயிற்று,
இனி வேலைக்கும் அனுப்புவதா.

பிறகுதான் கண்டேன்.
கேதாரன் அனுப்பிய முதல் படத்தின் வலது மூலையில்
லென்சைக் கொஞ்சம் மறைத்து,
மங்கலாய், மாநிறத்தில்,
அவனுடைய பெருவிரல்.
வழக்கமாய் தூசிக்கும் முதல் நான் வெட்டி எறிவது.
இன்றைக்கு வெட்டிச் சிறிதாக்கினேன்.
மடிப்பு நன்றாய் இருந்தது.
நகம் தெரியாமல் திருப்பி ஜன்னலில் வைத்தேன்:
வெய்யிலுக்குள் நீட்டிய
ஒரு முழங்கை.
நிழல் போட்டேன், கீழே, சற்று இடமாய்.

யோகச்சந்திரன் தலையைச் சரித்துப் பார்த்தான்.
‘இப்ப சரி. ஆனா பிந்தித்தான் வரும்.’
பனரைச் சுருட்டிக்கொண்டு போனான்.

அனுப்பினேன். அங்கே அப்போது பின்னேரம்.
நீலச் சரி இரண்டும் விழுந்து
நெடுநேரம் ஒன்றும் இல்லை,
பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்திருப்பான்.
‘சில்லு திறம்’ என்று வந்தது.
பிறகு, ‘ஆரடி அது உள்ளுக்க?’

ஏறுகிற கதவை நான் இன்னும் வரையவில்லை.
அதைச் சொல்லவும் இல்லை.
‘முதல்ல நீ
பிறேக்கில இருந்து கையை எடு’ என்று எழுதினேன்.